பட்டறைக்குப் பின்னால் ஒரு பிடி

டாக்டர் தாட்சாயினி, முனீஸ்வரர் முன்னால் மண்டியிட்டதும் கமிட்டிக்காரர்கள் எட்டுப் பேரும் பக்தியோடு கைகூப்பினார்கள். அவர் கும்பிடுவதற்காக மண்டியிடவில்லை. கையுறை மாட்டி, ஸ்பிரிட்டில் துடைத்த கரண்டியை எடுத்து, சூலத்தின் அடியில் இருந்த மண்ணைத் தோண்டப் போனார். அதற்குள் எங்கள் கோயில் தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய நல்லபெருமாள், "கொஞ்சம் இருங்க டாக்டர்" என்று தடுத்து, பூசாரியைக் கூப்பிட்டுக் கரண்டிக்குச் சூடம் காட்டச் சொன்னார். அந்தப் பெண் பதறிப்போய்க் கரண்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, புகை பட்டால் திரும்பவும் முதலிலிருந்து துடைக்க வேண்டும் என்று கெஞ்சினார். கடைசியில் கரண்டியிலிருந்து நான்கடி தள்ளிச் சூடம் காட்டுவதென்று உடன்பாடானது. சமயமும் விஞ்ஞானமும் இப்படி நான்கடி இடைவெளியில் சந்தித்துக்கொண்டதை டத்தோவின் மூன்று படப்பிடிப்பாளர்களும் மூன்று கோணத்தில் எடுத்தார்கள்.

எங்கள் கோயில் ஜோர்ஜ்டவுனில், சுங்கை பினாங்கு ஆற்றோரம் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் குப்பைத்தொட்டி வரிசைக்கும் நடுவில் இருக்கிறது. மேலே தகரக் கூரை. கீழே, ஆளுயரச் சூலமும் ஒரு கருங்கல்லும் வெறும் மண்ணில் நிற்கும். சுற்றிலும் பளிங்கு போட்டாலும் அந்த மூன்றடி வட்டத்தை மட்டும் யாரும் மூடவில்லை. முனீஸ்வரருக்கு மண்ணில் கால் பட வேண்டும். ஊற்றுகிற பால், தயிர், இளநீர், கரைத்த விபூதி எல்லாம் நேரே அந்த மண்ணுக்குள்தான் போகிறது. அன்று கட்டியிருந்த பதாகையில் முனீஸ்வரர் உள்ளங்கை அளவும் டத்தோ ஆள் அளவும் இருந்தார்கள். 'முப்பதாம் ஆண்டு விழா: அறிவியல் தலைவணங்கும் ஆலயம்.'

அறிவியல் தலைவணங்குவதாக யாரிடமும் சொல்லவில்லை. தாட்சாயினி பல்கலைக்கழகத்தில் மண் ஆராய்ச்சி செய்கிறவர். பினாங்குத் தீவில் பலவிதமான இடங்களிலிருந்து மண் எடுத்து, ஒவ்வொன்றிலும் என்னென்ன பாக்டீரியா வாழ்கிறது, எந்தச் சூழல் எந்தக் கூட்டத்தைச் சேர்க்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. முப்பது வருடமாகப் பாலும் சாம்பலும் விழுந்த மண் கிடைக்குமா என்று ஒரு கடிதம் போட்டிருந்தார். டத்தோ அந்தக் கடிதத்தைக் கமிட்டியில் உரக்கப் படித்து, "நம்ம மண்ணோட சக்திய உலகம் கண்டுபிடிச்சிருச்சு" என்று அறிவித்தார். விழா மலரில் நடுப்பக்கம் அதற்கு ஒதுக்கப்பட்டது.

சூடம் காட்டி முடிந்ததும் டத்தோ என் பக்கம் திரும்பினார். "டாக்டர், இவருதான் தங்கராஜு. பிடிமண் கொண்டாந்தவரு. பழைய கோயில் இருந்த எடத்த இவரு காட்டுவாரு."

நான் சிரித்தேன். முப்பது வருடப் பழக்கத்தில் அந்தச் சிரிப்பு தானாகவே வந்துவிடும்.

பாலிக் புலாவ் மலையில் நாங்கள் வேலை பார்த்த தோட்டம் இருந்தது. முதலாளி அதை விற்று, எங்களைப் பட்டணத்து அடுக்குமாடியில் ஏற்றியபோது சாமியும் கூடவே வந்தாக வேண்டியிருந்தது. சாமியைக் கல்லாகத் தூக்கி வந்தால் போதாது. பழைய இடத்திலிருந்து ஒரு பிடி மண், கையாலேயே தோண்டி, மஞ்சள் துணியில் முடிந்து, கீழே வைக்காமல், வாய் திறக்காமல், திரும்பிப் பார்க்காமல் கொண்டு வந்து புது இடத்தில் போட வேண்டும். அது வந்தால்தான் சாமி வந்ததாக அர்த்தம். வீட்டுக்கு மூத்தவன், விரதம் இருந்தவன், சொந்த மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவன் என்ற மூன்று தகுதிகளில் மூன்றாவதற்காக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது.

விடியற்காலையில் மழை. ஆயர் ஈத்தாம் தாண்டி மலை ஏறும் முன்பே மோட்டார் நின்றுவிட்டது. மீரா சாகிப்பின் வண்டி பழுதுபார்க்கும் பட்டறையின் தகரத்துக்குக் கீழே ஒதுங்கி, ஒரு மணி நேரம் உதைத்தேன். பட்டறை திறக்கவில்லை. ஏழரைக்குள் மண் போய்ச் சேர வேண்டும். மலையைப் பார்த்தேன், கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு பட்டறைக்குப் பின்னால் போய், பழைய டயர்களுக்கு நடுவே, எண்ணெய் ஊறிக் கறுத்திருந்த தரையில் விரல்களை நுழைத்து ஒரு பிடி அள்ளினேன். மஞ்சள் துணியில் முடிந்தேன். முடிந்தவுடன் மோட்டார் ஒரே உதையில் கிளம்பிவிட்டது. வாய் திறக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. அந்த விதிகளை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் விழாவில் முதல் பரிவட்டம் எனக்குத்தான். தலையில் பட்டு கட்டி, மாலை போட்டு, "பிடிமண் தங்கராஜு" என்று ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். அந்தக் குடியிருப்பில் நான் வேறு எதற்கும் பெயர் வாங்கியதில்லை. பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் சரக்குக் கிடங்கில் பெட்டி எண்ணுகிறேன். அங்கே என் பெயர் யாருக்கும் தெரியாது. இப்போது ஒரு பெண் ஐஸ் பெட்டியோடு வந்து, மண்ணைக் கேட்டாலே அது எங்கிருந்து வந்ததென்று சொல்லிவிடும் என்கிறார்.

அவரே காடியை ஓட்ட, பாலிக் புலாவுக்குப் போனோம். கெக் லோக் சி கோயிலைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் கேட்டேன்.

"ஏம்மா, ஒரு எடத்து மண்ண இன்னொரு எடத்துல போட்டா, பழசு அப்படியே இருக்குமா?"

அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். இங்கேயே பிறந்தாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. "இருக்காது அண்ணை. மண்ணுக்குள்ள குடியிருக்கிறவை இடத்துக்கு ஏத்த மாதிரி மாறிப் போவினம். புளிப்பு மண் எண்டால் ஒரு கூட்டம், சாம்பல் விழுந்து காரம் ஏறினால் வேற கூட்டம். எண்ணெய் ஊத்தினால் எண்ணெய் தின்னிறவை மட்டும் மிஞ்சுவினம். ஒரு பிடி மண் கொண்டுபோய் வேற இடத்தில போட்டால், கொஞ்ச வருசத்தில அது அந்த இடத்து மண்தான்."

"முப்பது வருஷம்னா?"

"வந்த ஊரே மறந்திருக்கும்."

எனக்கு அந்தப் பெண்ணைப் பெற்றவர்களைத் தேடிப்பிடித்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. எண்ணெய் தின்னிகள் செத்து, பால் தின்னிகள் குடியேறி, என் பொய்யை அடித்தளம்வரை சுத்தம் செய்திருக்கும். எங்கள் அடுக்குமாடியிலும் அப்படித்தான். பழைய குடியிருப்பாளர்கள் யாரென்று இப்போதைய குடியிருப்போர் சங்கத்துக்குத் தெரியாது.

பழைய இடம் இப்போது அப்துல் ரசாக் என்பவரின் டுரியான் பழத் தோப்பு. அவர் எங்களுக்கு ஜாதிக்காய் சர்பத் கொடுத்துவிட்டு, எந்த மரத்தடியில் வேண்டுமானாலும் தோண்டிக்கொள்ளுங்கள் என்றார். கோயில் இருந்த மேட்டை நான் காட்டினேன். பன்றி கிளறிய சருகு, சாய்ந்த வேலிக்கம்பி. தாட்சாயினி ஐந்து பை எடுத்தார். இங்கே ஏதாவது தொந்தரவு உண்டா, ஏதாவது சத்தம், ஏதாவது நடமாட்டம் என்று நான் மலாய் மொழியில் சாடையாக விசாரித்தேன். ரசாக் கொஞ்சம் யோசித்து, இருபது வருடமாக ஒன்றுமே இல்லை, உங்கள் ஆட்கள் போனபோது முழுசாகத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள் போலிருக்கிறது என்றார். நல்ல செய்திதான். நான் சர்பத்தைப் பாதியில் கீழே வைத்தேன். நான் எதையும் எடுத்துப் போகவில்லையே.

இறங்கி வரும் வழியில் ஆயர் ஈத்தாமில் காடி வேகம் குறைந்தது.

"இங்க ஒரு பழைய பட்டறை இருக்கு அண்ணை. கன வருசமா எண்ணெய் ஊறின மண் வேணும் எனக்கு, ஒப்பிட்டுப் பாக்க. இந்தப் பக்கத்தில கொங்கிரீட் போடாம மிஞ்சினது இது ஒண்டுதான்."

"அங்க ஒண்ணும் இல்லம்மா. வெறும் அழுக்கு."

"அழுக்குத்தானே வேணும்."

மீரா சாகிப் இறந்து பத்து வருடமாகிவிட்டது. தகரம் சரிந்து கிடந்தது. டயர்களுக்குள் தண்ணீர் தேங்கிக் கொசு மொய்த்தது. பின்பக்கத் தரை அப்படியே தார் மாதிரி கறுத்து, புல்கூட முளைக்காமல் இறுகிக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு குழி இருந்தது.

பெரிய குழி இல்லை. ஒரு கை புகும் அளவு. நான்கு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் ஒரு பக்கம் இறங்கிய தடம் விளிம்பில் தெரிந்தது. முப்பது வருட மழை பெய்திருக்கிறது, லொரி ஏறியிருக்கிறது, நாய் படுத்திருக்கிறது. அது தூர்ந்துபோகவில்லை. நாய் தோண்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாய்க்குக் கட்டைவிரல் எங்கே என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டேன்.

தாட்சாயினி சுற்றிலும் நான்கு பை எடுத்தார். ஐந்தாவதைக் குழிக்குள்ளிருந்து எடுத்தார். கரண்டி மெத்தென்று இறங்கியது. "இது மட்டும் ஈரமா இருக்கு" என்று அவர் எண் எழுதினார். பதினோரு நாளாக மழையில்லை.

ஆறு வாரம் கழித்து அறிக்கை வந்தது. கோயில் மண்ணில் எண்ணெய் தின்னிகள் ஒன்றுகூட இல்லை. பாலிக் புலாவ் மண்ணோடு எந்த ஒற்றுமையும் இல்லை. பால் புளிக்க வைக்கிறவை, சாம்பலின் காரத்தைத் தாங்குகிறவை என்று ஒரு வினோதக் கூட்டம் அங்கே குடியிருந்தது. ஏறக்குறைய ஒரு பழைய பாலாடைக்கட்டிக் கிடங்கைப் போன்றது என்று ஒரு வரி இருந்தது. டத்தோ அந்த வரியை அடித்துவிட்டு, 'உலகில் வேறெங்கும் காணமுடியாத தெய்வீகக் கூட்டமைப்பு' என்று மலருக்கு எழுதிக் கொடுத்தார். நான் நிம்மதியாக இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டேன்.

அன்று மாலையே தாட்சாயினி போன் செய்தார். குரலில் வழக்கமான உற்சாகம் இல்லை.

"அண்ணை, கோயில் மண் வேறெங்கும் இல்லையெண்டு மலரில போட வேண்டாமெண்டு சொல்லுங்கோ. இன்னொரு இடத்தில இருக்கு."

"எங்க?"

"பட்டறையில. நாலு பை நான் நினைச்ச மாதிரித்தான், எண்ணெய் தின்னிறவை. அந்த ஐஞ்சாவது பை மட்டும் அச்சொட்டா உங்கட கோயில். அதே காரம், அதே கூட்டம், அதே அளவு. அங்க யாரும் கும்பிடுகினமா? பால் கீல் ஊத்துகினமா?"

"இல்லம்மா."

"அப்ப என்ர கைதான். பை மாறிப்போச்செண்டு பேராசிரியர் சொல்லுறார். நான் மாத்தேல்ல அண்ணை, எனக்குத் தெரியும். ஆனால் என்ர கவனக்குறைவு எண்டு நானே கடிதம் எழுதித் தரோணுமாம். அடுத்த மாசம் என்ர வேலை ஒப்பந்தம் முடியுது. அந்தக் கடிதம் ஃபைலில இருந்தால் திரும்ப எடுக்க மாட்டினம்."

"எப்ப தரணும்?"

"ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்குள்ள."

ஞாயிற்றுக்கிழமைதான் விழா.

நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பதில் எனக்கு முப்பது வருட அனுபவம் இருக்கிறது. இருந்தும் அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. என் பொய் வெளியே வந்துவிடும் என்ற பயம் எனக்குப் பழகியது. அதற்கு வீட்டில் ஒரு நாற்காலிகூடப் போட்டு வைத்திருந்தேன். இது வேறு. ஒரு பிடி மண்ணைத்தான் நான் அங்கிருந்து எடுத்தேன். அது இங்கே வந்து சாமியாகிவிட்டது. சரி, இடம் அதை மாற்றிவிட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் இங்கே ஊற்றிய பால் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது? முப்பது வருடமாக நாங்கள் எதன் தலையில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்? அது எங்கே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறது?

சனிக்கிழமை என் மனைவி சந்திரிகா பட்டு வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? நாளைக்குப் பரிவட்டம் கட்டுறப்பவாச்சும் கொஞ்சம் சிரிங்க. நேரலை வேற போடப் போறாங்களாம்."

"சந்திரிகா, நான் அந்த மண்ண பாலிக் புலாவ்லேர்ந்து கொண்டு வரலன்னா என்ன செய்வே?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்யாணத்துக்கு மறுநாளே தெரியும். தூக்கத்துல டயரு டயருன்னு ஒளறுனீங்க."

"ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா பரிவட்டம் வேற வீட்டுக்குப் போயிருக்கும்லா. இந்த ஒரு நாளாச்சும் கீழ் வீட்டு லோகேஸ்வரி எனக்கு வழி விடுறா." மறுபடியும் வேட்டியைத் தேய்க்க ஆரம்பித்தாள். தலையைத் தூக்காமலேயே, "ஆனா நான் அங்க போயி சூலத்துக்கு முன்னால கண்ண மூடிக் கும்பிடறது இல்ல. மூடுனா, நம்ம பின்னாடி ரொம்ப தூரத்துல யாரோ நிக்கிற மாதிரி இருக்கும்" என்றாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கோயிலில் நூற்றெட்டுப் பால்குடம் வரிசையாக நின்றது. டத்தோ நேரலை எடுப்பவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நேரலை எப்போதும் அரை நிமிடம் பின்னால்தான் வரும், ஒன்றும் செய்ய முடியாது என்று அந்த ஆள் விளக்கிக்கொண்டிருந்தார். "அரை நிமிஷம் லேட்டா வந்தாலும் நாந்தானே வருவேன்?" என்று டத்தோ உறுதிப்படுத்திக்கொண்டார். நான் வேட்டியை மடித்துக் கட்டி, மோட்டாரை எடுத்தேன். போகும்போதே தாட்சாயினிக்குப் போன் போட்டு, கடிதத்தைக் கொடுக்காமல் பட்டறைக்கு வரச் சொன்னேன்.

அவர் ஐஸ் பெட்டியோடு வந்தார். பட்டு வேட்டியில் டயர் மேல் உட்கார்ந்திருந்த என்னை அவர் விசித்திரமாகப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மழை, மோட்டார், ஏழரை மணி, மஞ்சள் துணி. குழியில் என் வலது கையை இறக்கிக் காட்டினேன். வயதில் விரல் கொஞ்சம் தடித்திருந்தது. மற்றபடி கையுறை மாதிரிப் பொருந்தியது. உள்ளே மண் இளஞ்சூடாக இருந்ததால் சட்டென்று எடுத்துவிட்டேன்.

அவர் திட்டவில்லை. சிரிக்கவுமில்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"இதை எழுதித் தருவீங்களா அண்ணை? உங்கட பேர் போட்டு?"

"தர்றேன். உங்க கை சுத்தம்னும் எழுதுறேன். மலருல போட்டாலும் சரி."

பேனாவைக் கொடுத்தார். ஐஸ் பெட்டி மேல் தாளை வைத்து எழுதினேன். தங்கராஜு ஆகிய நான், என்று தொடங்கி, மீரா சாகிப் பட்டறைக்குப் பின்னால், என்று வந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்.

"எழுதுங்கோ. ஆனால் இது பதில் இல்லை. மண் இஞ்சயிருந்து அங்க போனது. அது போனால் அந்த இடத்து மண்ணா மாறும், அதுவும் சரி. அங்கயிருந்து இஞ்ச ஒண்டும் வரேல்ல. பால் ஊத்தாத இடத்தில பால் குடிக்கிறவை என்னத்தைத் தின்னுகினம்?"

நான் கையெழுத்துப் போட்டேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. சந்திரிகா நேரலையின் இணைப்பை அனுப்பியிருந்தாள், வேறு ஒரு வார்த்தையும் இல்லாமல். திறந்தேன். சின்னத் திரையில் டத்தோ இருபது நிமிட உரையின் கடைசிப் படியில் இருந்தார். ஆன்மிகமும் அறிவியலும் கைகோத்துக்கொண்டு கீழே இறங்கின. பிறகு அவர் குரல் உயர்ந்தது. "பிடிமண் கொண்டு வந்த நம்ம அண்ணன் தங்கராஜு அவர்கள மேடைக்கு அன்போட அழைக்கிறோம்." கூட்டம் திரும்பிப் பார்த்தது. பட்டுத் துணியைத் தட்டில் ஏந்தி ஒருவர் நின்றார். சந்திரிகா முன்வரிசையில் கண்ணைத் திறந்துகொண்டு நின்றாள். மறுபடியும் அழைத்தார்கள். டத்தோ கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரம் போகிறது, ஆரம்பியுங்கள் என்று பூசாரிக்குச் சைகை காட்டினார். நாதஸ்வரம் எழுந்தது. பூசாரி முதல் குடத்தை இரண்டு கையாலும் தூக்கினார்.

"அண்ணை" என்றார் தாட்சாயினி.

அவர் மண்டியிட்டிருந்தார். கையுறை மாட்டவில்லை, கரண்டி கீழே கிடந்தது. கறுத்து வெடித்த தரையின் நடுவில், என் விரல் தடங்களின் அடியிலிருந்து மண் மெல்ல நிறம் மாறியது. முதலில் ஒரு பளபளப்பு. பிறகு விளிம்புவரை, நுரை கட்டி, வெள்ளையாக.

அரை நிமிடம் பின்னால் ஓடும் திரையில் பூசாரி குடத்தைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்திருந்தார். அது இன்னும் சாயவில்லை.